பட்டியலில் இல்லாத ஸ்பேனர்

2021 ஜூலை 29, வியாழக்கிழமை மத்தியானம் சிங்கப்பூர் ஆர்மீனியன் ஸ்திரீட்டுக்கு ஒரு ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். 2003இல் இரவல் வாங்கியது. வாயைத் திருகி அகலப்படுத்திக்கொள்ளும் சாதாரண ஸ்பேனர்தான், எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும். கைப்பிடியில் நீல டேப் சுற்றி, அதன்மேல் வெள்ளை மையால் 45 என்று எழுதியிருக்கும். அந்தக் கட்டடத்தின் எண் அது. கைப்பிடியின் அடியில் உள்ள துளையில் ஒரு கயிறு. கயிற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு பொருளைப் பதினெட்டு வருஷம் கொடுக்காமல் வைத்திருந்தால் அதற்கு இரவல் என்று பெயரில்லை. தெரியும். "நாளைக்கே கொண்டுவந்துவிடுகிறேன்" என்று சொல்லித்தான் வாங்கினேன். அந்த வாரம் வேறு இடத்தில் வேலை. அடுத்த வாரம் மறந்துபோனது. அதற்கடுத்த மாதம் ஞாபகம் வந்தபோது, இத்தனை நாள் கழித்து எப்படிக் கொடுப்பது என்று வெட்கமாக இருந்தது. வெட்கமும் போனபின் அது என்னுடையதே ஆகிவிட்டது. இப்போது வீட்டையே காலி செய்கிறார்கள் என்றதும் மனசு குறுகுறுத்தது. சாவு வீட்டுக் கடனை வைத்திருக்கக் கூடாது என்பார் என் பாட்டி.

அந்த வீட்டின் பெயர் சப்ஸ்டேஷன். பெயருக்கேற்ப, நிஜமாகவே மின்சார நிலையமாக இருந்த கட்டடம்தான். 1926இல் கட்டியது. மின்சார நிலையம் போன பிறகு சும்மா கிடந்த கட்டடத்தை நாடகக்காரர் குவோ பாவ் குன் கேட்டு வாங்கி, 1990 செப்டம்பரில் கலைஞர்களுக்கான இடமாகத் திறந்தார். சிங்கப்பூரின் முதல் சுயேச்சையான தற்காலக் கலை மையம் அது. உள்ளே ஒரு கறுப்புப் பெட்டி அரங்கு (சுவரெல்லாம் கறுப்படித்த சிறு அரங்கு), ஒரு காட்சிக்கூடம், நடனப் பயிற்சி அறை, சில சிறு அறைகள். பக்கத்தில் ஒரு தோட்டம். நூற்றுச் சொச்சம் பேர் உட்கார்ந்தால் அரங்கு நிறைந்துவிடும். இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்குள் முப்பது வருஷமாக நாடகம், ஓவியம், குறும்படம், கவிதை, பங்க் இசை, மெட்டல் இசை, சண்டை, சமாதானம் எல்லாம் நடந்திருக்கின்றன.

2021 மார்ச் 2ஆம் தேதி செய்தி வந்தது. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும், ஜூலைக்குள் காலி செய்ய வேண்டும், வேலை முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும், அதன்பின் சப்ஸ்டேஷன் மற்றக் குழுக்களோடு ஒரு குழுவாகத் திரும்பி வரலாம், ஆனால் முன்போல் முழுக் கட்டடத்தையும் தானே நடத்த முடியாது என்பது தேசிய கலைகள் மன்றத்தின் நிலை. அப்படியென்றால் நாங்கள் நாங்களாக இருக்க முடியாது என்று சப்ஸ்டேஷனின் நிர்வாகக் குழுவே நிரந்தரமாக மூடும் முடிவை அறிவித்தது. கூட்டம் போட்டார்கள், மனு எழுதினார்கள், நிறையப் பேர் நிறையப் பேசினார்கள். பிறகு, கட்டடம் இல்லாமலேயே ஒரு கலை அமைப்பாகத் தொடரலாம் என்று முடிவு மாறியது. நல்லதுதான். நடத்தப்போகிறவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் இல்லாத சப்ஸ்டேஷனை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. "இடம் என்பது வெறும் சுவரா?" என்று ஒரு நண்பர் வேதாந்தமாகக் கேட்டார். ஆமாம் ஐயா, எனக்குச் சுவர்தான். நான் லைட்காரன். கம்பி இல்லாமல் விளக்கை எங்கே மாட்டுவது?

முதல்முறை போனது 1998இல். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, ஒரு சின்னத் தமிழ் நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தாள். சாமான் தூக்க ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கே போகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு "சப்ஸ்டேஷன்" என்றோம். "பியூபியில என்னடா நாடகம்?" என்றார் அம்மா. பியூபி என்றால் கரண்டும் தண்ணீரும் பார்த்த வாரியம். கரண்டு பில் கட்டப் போகிறோம் என்றே கடைசிவரை நினைத்திருந்தார் போல. பிறகு எத்தனையோ தடவை அவரை அங்கே நாடகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். ஆனாலும் யாராவது என்னைத் தேடி வீட்டுக்கு ஃபோன் செய்தால் "தம்பி பியூபிக்குப் போயிருக்கான்" என்றுதான் சொல்வார்.

சாமான் தூக்கப் போனவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். அவற்றில் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன விளக்குகள். ஏணியின் உச்சியில் ஒரு மலாய்க்காரர். அங்கே விளக்கு வேலை பார்த்தவர். எல்லாருக்கும் அவர் அபாங், அதாவது மலாயில் அண்ணன், எனக்கும் அபாங். கீழே நான் வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து, "அடேக் (தம்பி), ஏறி வர்றியா?" என்றார். ஏணியில் கால் வைத்தேன். "இறங்கு" என்றார். அவரும் இறங்கி வந்து, ஒரு ஸ்பேனரை எடுத்து, அதன் துளையில் கோத்த கயிற்றின் மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டினார். "முதல்ல கயிறு. அப்புறம் ஏணி."

மேலிருந்து ஸ்பேனர் நழுவினால் கீழே நிற்பவனின் மண்டை போய்விடும். அதற்காகத்தான் கயிறு. விளக்கை மாட்டியதும் முதலில் சேஃப்டி செயினைப் போடு, பிறகுதான் மற்றதெல்லாம். பல்பைக் கையால் தொடாதே, விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி வெடிக்கும். எரிகிற விளக்கைத் திருப்ப வேண்டுமென்றால் கையுறை போடு. அடர் நீலத் தாளை மட்டும் நம்பாதே, சூட்டையெல்லாம் அது தானே குடித்துக் கருகிப்போகும். எல்லாவற்றையும் பாசார் மலாயும் (கடைத்தெரு மலாய்) ஆங்கிலமும் கலந்து சொல்லிக்கொடுத்தார். நான் யார், என்ன படிக்கிறேன், எந்தக் குழு என்று எதையும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை போனேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனேன். பிறகு தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருந்தபோதும், முகாமிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போனதுண்டு. அம்மா கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான்.

குவோ பாவ் குன் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் வயதுக்காரர் ஒவ்வொருவரிடமும் 'அன்று கடைசி வரிசையில் பாவ் குன் உட்கார்ந்திருந்தார்' என்று ஒரு கதை இருக்கும். என்னிடம் இல்லை. அவர் 2002இல் காலமாகிவிட்டார். நான் அவரோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. 1976இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாகி நான்கு ஆண்டுகளுக்குமேல் சிறையில் இருந்த மனிதர், பத்து வருஷம் கழித்து அதே அரசாங்கத்திடம் போய்ச் சும்மா கிடக்கும் கட்டடத்தைக் கேட்டு வாங்கி, கோபத்தை அல்லாமல் கதவைத் திறந்து வைத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம். சப்ஸ்டேஷன் திறந்த அதே 1990இல் அவருக்குக் கலாசாரப் பதக்கமும் கிடைத்தது. சுமாரான வெற்றியைவிட உருப்படியான தோல்வி மேல் என்பது அவர் அடிக்கடி சொன்னதாக எல்லாரும் எடுத்துச் சொல்லும் கருத்து. தோற்றுப்போகிறவர்கள் இதைச் சாக்காக வைத்துக்கொள்வார்கள். நானும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் 1988இல் போட்ட 'தன் பூனையைத் தேடும் அம்மா' என்ற நாடகத்தைத் தமிழர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டும் தெரிந்த ஒரு கிழவி. பிள்ளைகள் மாண்டரினுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிவிட்டார்கள், அவளோடு பேச அவர்களுக்கு மொழியில்லை. காணாமல் போன பூனையைத் தேடி அலைகிறாள். வழியில் ஒரு கிழவர். அவருக்குத் தமிழ்தான் தெரியும். அவரும் தம் பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவள் ஹொக்கியனில் சொல்கிறாள், அவர் தமிழில் சொல்கிறார், கையால் வால் வரைகிறார்கள், மியாவ் என்கிறார்கள். சொந்தப் பிள்ளைகளுக்குப் புரியாத கிழவி அந்தத் தமிழ்க் கிழவருக்குப் புரிந்துவிடுகிறாள். சீன, மலாய், ஆங்கில வசனங்களுக்கு நடுவே தமிழும் ஒரே மேடையில் ஒலித்த நாடகம் அது. அலங்காரத்துக்காக அல்ல, கதைக்கே தேவையாக. இரண்டு வருஷம் கழித்து அவர் திறந்த கட்டடத்துக்குள் தமிழில் பேச நான் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை என்பதற்கும் அந்தக் கிழவருக்கும் சம்பந்தம் உண்டு என்றே நினைக்கிறேன்.

எங்கள் குழுவுக்கு அங்கே கிடைத்த முதல் சொந்த மேடை 2001இல். நாடகத்தை எழுதியது அக்கா. செம்பவாங் கடற்படைத் தளக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த இரண்டு சகோதரிகள், அம்மா இறந்தபின் நகையைப் பிரித்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஐம்பது நிமிஷம். லைட் நான். முதன்முறையாக நோட்டீஸில் என் பெயர் வந்தது. நிலா வெளிச்சம் வேண்டுமென்று அக்கா கேட்டாள். எனக்கு இருபத்தொரு வயது, அடர் நீலம்தான் நிலா என்று தோன்றியது. அபாங் இரண்டு தடவை எச்சரித்தார். நான் கேட்கவில்லை.

முதல் நாள் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். பதினொரு பேர் எங்கள் உறவு. நான்கு பேர் மறுநாள் அதே அரங்கில் பங்க் கச்சேரி வைத்திருந்த மலாய்ப் பையன்கள். ஸ்பீக்கரை இறக்கிவைக்க வந்தவர்களை அபாங் "சும்மா உட்கார்ந்து பாருங்கள்" என்று உள்ளே தள்ளிவிட்டிருந்தார். நாற்பதாவது நிமிஷம், இளையவள் அம்மாவின் தாலிக்கொடியைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது, நீலத் தாள் கருகி ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியாகப் பளீரென்று ஒரு வெள்ளைப் பொட்டு. அது நேராக அக்காவின் நெற்றியில் விழுந்தது. மெல்ல மெல்ல ரூபாய் அளவு, உள்ளங்கை அளவு என்று பெரிதானது. வாயில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கை அணைத்தால் மேடை இருட்டு. விட்டால் இந்த வெள்ளை. விட்டேன்.

அக்காவுக்கு என்ன நடக்கிறதென்று தெரியவில்லை, கண் கூசியது மட்டும் தெரிந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டே "போதும்" என்றாள். வசனத்தில் அந்த வார்த்தை ஒரு தடவைதான் வரும். கூச்சத்தில் மறுபடி "போதும்" என்றாள். மூன்றாவது தடவையும் சொன்னாள். நாலாவது தடவை சொல்லும்போது நிஜமாகவே அழுதாள்.

முடிந்ததும் வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது அங்கே வழக்கம். உறவுக்காரர்கள் நன்றாக இருந்தது என்றார்கள், சாப்பாடு எங்கே என்றும் கேட்டார்கள். பங்க் பையன்களில் ஒருவன், காதில் மூன்று வளையம், "அந்த வெள்ளை வெளிச்சம் அம்மாவுடைய ஆவியா?" என்றான். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "ஆமாம்" என்றாள் அக்கா. ரத்தத்தில் ஊறிய பொய். அடுத்து அவன் கேட்டான்: "கடைசியில் திரும்பத் திரும்பச் சொன்னாரே, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" சொன்னோம். "போத்தும், போத்தும்" என்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அடுத்த மாதம் அவர்கள் கச்சேரிக்கு ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிய நோட்டீஸில் ஒரு பாட்டின் பெயராக அந்த வார்த்தை ஆங்கில எழுத்தில் இருந்தது. ஓர் எழுத்துக் குறைவாக. பாட்டில் ஒரு வரியும் எனக்குப் புரியவில்லை, அந்த ஒரு சொல்லைத் தவிர.

நான் லைட்காரன், ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு: குத்துவிளக்கு ஏற்றாமல் ஒரு தமிழ் நிகழ்ச்சி தொடங்கியதை நான் முதன்முதலில் பார்த்தது சப்ஸ்டேஷனில்தான். சிறப்பு விருந்தினர் இல்லை. பொன்னாடை இல்லை. தலைவர் உரை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் இல்லை. எட்டு மணி என்றால் எட்டு மணிக்கு இருட்டாகும். சமூக மன்றத்தில் நாங்கள் போடும்போது 'இந்திய கலாசார நிகழ்ச்சி' என்ற பலகைக்குக் கீழே போடுவோம். பார்க்க வருபவர்களும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வருபவர்கள். அதில் தவறில்லை, அதற்கும் ஓர் இடம் வேண்டும். 2007இலிருந்து ஏப்ரல் மாதம் தமிழ் மொழி விழா நடக்கிறது, ஏப்ரலில் எங்களுக்கு மண்டபமும் கிடைக்கும், மாலையும் கிடைக்கும். மற்றப் பதினொரு மாதம்? அந்தப் பதினொரு மாதம்தான் சப்ஸ்டேஷன். அங்கே நாங்கள் தமிழர்கள் என்பதற்காக இடம் தரவில்லை. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு இடம் கேட்ட இன்னொரு கூட்டம், அவ்வளவுதான். அந்த அலட்சியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

1995 முதல் 2000 வரை சப்ஸ்டேஷனின் கலை இயக்குநராக இருந்தவர் டி. சசிதரன். பிறகு பாவ் குன்னும் அவரும் சேர்ந்து ஆரம்பித்த நடிப்புப் பள்ளியில் ஜப்பானிய நோ, பெய்ஜிங் ஆப்பரா, ஜாவானிய வாயாங் வோங், கேரளத்துக் கூடியாட்டம் நான்கையும் ஒரே மாணவர் கற்றுக்கொள்கிறார். பூனை தேடிய கிழவர் பள்ளிக்கூடம் கட்டினால் இப்படித்தான் கட்டுவார்.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்லமாட்டேன். கழிப்பறைக் கதவு சாத்தாது. ஏசி ஒன்று நடுங்க வைக்கும், இல்லையென்றால் வேர்க்க வைக்கும். மேலே ஆடினால் கீழே தாளம் கேட்கும். எங்கள் கண்ணீர்க் காட்சி ஒன்றில் மேல்மாடியிலிருந்து யாரோ பொத்துப் பொத்தென்று குதித்துக்கொண்டிருந்தார்கள். பணம் எப்போதும் போதாது. 2000களின் நடுவில் தோட்டத்தை ஓர் இசை உணவகத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த வாடகையில்தான் மற்றது ஓடியது என்பார்கள், உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குமுன் அந்தத் தோட்டத்தில் நாடகம் முடிந்து இரவு ஒரு மணிவரை காசு செலவில்லாமல் உட்கார்ந்திருப்போம். அதன்பிறகு உட்கார ஓர் ஆர்டர் கொடுக்க வேண்டும். எனக்கு சப்ஸ்டேஷன் முதன்முதலில் கொஞ்சம் மூடியது அன்றைக்குத்தான்.

பக்கத்திலேயே இன்னொரு இழப்பு ஏற்கெனவே நடந்திருந்தது. ஸ்டாம்ஃபர்டு ரோட்டில் செங்கல் நிறத்தில் ஒரு தேசிய நூலகம் இருந்தது. 1960இல் திறந்தது. சுரங்கச் சாலை வரவேண்டுமென்று 2004 மார்ச் கடைசியில் மூடி, பிறகு இடித்தார்கள். அந்தச் சுரங்கம் சுமார் 350 மீட்டர். காரில் போனால் ஒரு பாட்டின் பல்லவி முடிவதற்குள் வெளியே வந்துவிடுவோம். நாடகத்துக்கு முன்னால் நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்படியே நடந்து ஆர்மீனியன் ஸ்திரீட்டுக்கு வருவது எங்கள் பாதை. பாதியை அப்போதே பிடுங்கிவிட்டார்கள்.

அதற்கும் முந்திய கதை உண்டு. டாங் டா வூ என்ற ஓவியர் 1988இல் உலு செம்பவாங்கில் ஒரு கோழிப்பண்ணையில் 'ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்' தொடங்கினார். 1990இல் நிலம் போய்விட்டது. சப்ஸ்டேஷன் திறந்த அதே வருஷம். நம் லிட்டில் இந்தியாவில் ரோவெல் ரோட்டில் 2007இல் 'போஸ்ட்-மியூசியம்' என்று ஒரு கலை இடம் வந்தது, நான்கு வருஷம் இருந்தது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஊன் தியன் வெய்தான், ஒடிசிக் கலைஞர் ராக்கா மைத்ராவோடு சேர்ந்து, 2020இலிருந்து சப்ஸ்டேஷனின் பொறுப்பை ஏற்றவர். ஒரு கடை மூடியதைப் பார்த்தவரையே அடுத்த கடையின் கடைசிச் சாவியையும் வாங்கவைத்திருக்கிறது காலம். இந்த ஊரில் இப்படிப்பட்ட இடங்களுக்கு நான்கு வருஷமே பெரிய ஆயுள். முப்பது வருஷம் என்பது தாத்தா வயது.

இனி, சொல்லத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச்சில் செய்தி வந்ததும் என் ஃபேஸ்புக் முழுக்க ஒப்பாரி. ஆளாளுக்குப் பழைய டிக்கெட், பழைய புகைப்படம். நானும் எழுதினேன். நீளமாக, உருக்கமாக. நானூறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். மனைவி படித்துவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்: "கடைசியா எப்பங்க அங்க போனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். 2017. ஒரு நண்பரின் கண்காட்சி, அதுவும் அரை மணி நேரம். அரங்குக்குள் கால் வைத்து அதைவிட அதிக காலம் ஆகியிருந்தது.

2002இல் எஸ்பிளனேட் என்ற பெரிய கலை அரங்கம் திறந்தது. அங்கே விளக்குகள் தாமாகவே தலையைத் திருப்பும், ஏணி வேண்டாம். கம்பியூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஐம்பது விளக்கு நிறம் மாறும். நீலத் தாள் கருகும் பேச்சே இல்லை. சம்பளமும் நேரத்துக்கு வரும். கல்யாணம், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு மாதத் தவணை, இரண்டு பிள்ளைகள். பெரிய அரங்குகளுக்கு நான் போனது தப்பென்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் நூறு பேர் அரங்கில் விளக்கு கருகினால் அது கதை, இரண்டாயிரம் பேர் அரங்கில் கருகினால் புகார் என்பதும் எனக்குத் தெரியும். கதைகளெல்லாம் ஓர் இடத்தில், வேலையெல்லாம் இன்னோர் இடத்தில் என்று பிரித்து வைத்துக்கொண்டேன். கதை இருக்கும் இடம் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். என்னைப் போலவே மார்ச்சில் ஒப்பாரி வைத்த பலரும் நினைத்திருப்பார்கள். அந்த நானூறு பேரில் நாற்பது பேர் வருஷத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தால் கட்டடம் தங்கியிருக்குமா? தங்கியிருக்காது, பிரச்சினை டிக்கெட்டில் இல்லை. ஆனாலும் மனைவியின் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வெங்காயம் நறுக்கியவர் அவர். கண் கலங்கியது எனக்கு.

சரி, ஜூலை 29. 22ஆம் தேதியிலிருந்து மறுபடியும் கொரோனா கட்டுப்பாடு. இருவருக்குமேல் கூடக்கூடாது, கடையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. கலை வேலை ஒன்றும் இல்லாததால் 2020இலிருந்து நான் பாதுகாப்பு இடைவெளித் தூதராக இருந்தேன். சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கும்பலாக நிற்பவர்களைத் தள்ளி நில்லுங்கள் என்று சொல்லும் வேலை. இருபது வருஷம் ஆட்களை ஓரிடத்தில் கூட்டிப் பிழைத்தவன், அப்போது ஆட்களைக் கலைத்துப் பிழைத்தேன். மதிய ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனேன். வாசலில், வருகையைப் பதியும் டிரேஸ்டுகெதர் வில்லையைத் தட்டினேன். டிங் என்றது. அந்த வாசலில் எந்தக் காலத்திலும் என்னை யாரும் பதிவு செய்ததில்லை.

உள்ளே பெட்டிகள், குமிழித் தாள், கட்டுப் போட்ட நாற்காலிகள். ஓர் இளம்பெண் கையில் அட்டையில் செருகிய பட்டியலோடு நின்றிருந்தாள். நான் முதலில் ஏணி ஏறியபோது அவள் பிறந்திருக்கமாட்டாள். ஸ்பேனரை நீட்டி விவரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். நான்கு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"அங்கிள், இது பட்டியலில் இல்லையே."

"இங்கே உள்ளதுதான். பாருங்கள், 45 என்று போட்டிருக்கிறது."

"தெரிகிறது. ஆனால் பட்டியலில் இல்லாததை நான் வாங்கினால் அதற்கு ஒரு எண் போடணும். எண் போட்டால் எங்கே அனுப்புவது என்று எழுதணும்." கொஞ்சம் யோசித்தாள். முகக்கவசத்துக்கு மேல் கண் சிரித்தது. "உங்களிடமே இருக்கட்டும். இங்கே இருந்தால் வெள்ளிக்கிழமை குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்."

ஒரு நிமிஷம் அரங்கைப் பார்க்கலாமா என்றேன். பாருங்கள் என்றாள். வேலை விளக்கு மட்டும் எரிந்தது. நாடகக்காரர்கள் வெறுக்கும் வெள்ளை வெளிச்சம், எதையும் மறைக்காது. கறுப்புச் சுவர் கறுப்பாகவே இல்லை. அடித்து அடித்துப் பூசிய பெயிண்ட் ஒரு மூலையில் உரிந்து, அடுக்கடுக்காக மரப்பட்டை மாதிரித் தெரிந்தது. ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் சுவரைக் கறுப்பாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அடுக்குகளில் எங்களுடையது மூன்றோ நான்கோ இருக்கும். நகத்தால் ஒரு துண்டைப் பெயர்க்கலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே ஒரு திருட்டுச் சாமான் பையில் இருந்தது. விட்டுவிட்டேன்.

வெளியே வந்தால் பழைய நண்பர்கள் மூவர் நின்றிருந்தார்கள், ஒவ்வொருவரும் ஏதோ சாக்கில் வந்தவர்கள். என்னோடு சேர்த்தால் நால்வர். இருவர் இந்தப் பக்கமும் இருவர் அந்தப் பக்கமுமாக நடைபாதையின் இரு ஓரத்திலும் நின்றுகொண்டு கத்திக் கத்திப் பேசினோம். சட்டம் தெரிந்தவன் நான்தானே, அளந்து நிற்க வைத்தேன். தே ஓ (பாலில்லாத தேநீர்) பொட்டலமாக வாங்கி வந்தவர் பையைப் பிடித்துக்கொண்டே நின்றார், எங்கே உட்கார்ந்து குடிப்பது என்று தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் கலைந்துவிட்டோம்.

எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்ததும் ஸ்பேனரைப் படமெடுத்து அபாங்குக்கு அனுப்பினேன். அவர் ஓய்வு பெற்று ஜோகூரில் மகள் வீட்டில் இருக்கிறார், கொரோனாவால் எல்லை மூடியதிலிருந்து அவரைப் பார்த்திருக்கவில்லை. டோபி காட் தாண்டுவதற்குள் குரல் செய்தி வந்தது. முதலில் ஒரு நீளமான சிரிப்பு. பிறகு மலாயில் "திருடன்!" பிறகு, "கயிறு இருக்கா?"

இருந்தது, ஆனால் நைந்து நூலாகியிருந்தது. தேக்காவில் இறங்கி நைலான் கயிறு ஒரு மீட்டர் வாங்கினேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பழையதை அறுத்துவிட்டுப் புதியதைக் கோத்து, இழுத்துப் பார்த்து, மறுபடி படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"முடிச்சு தப்பு" என்று வந்தது. "அவிழ்த்துவிட்டு வீடியோ கால் போடு."